தண்ணீரைப் பார்க்கத் தெரிந்த மனிதர்: பேராசிரியர் லுட்விக் பிராண்டல்



நம் மெக்கானிக்கல் துறையின் இளநிலை மாணவர்களுக்காக, லேசர் ஒளியில் நீரோட்டத்தைப் படம்பிடித்து அளக்கும் கருவி ஒன்று வாங்குவதற்குச் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டி வருவது உங்களுக்குத் தெரியும். சென்ற கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, பி.இ. படிக்கிற பிள்ளைகளுக்கு எதுக்கய்யா லேசர், அதெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க சமாச்சாரமாச்சே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாமெல்லாம் வெஞ்சுரி மீட்டரையும் வி-நாட்ச்சையும் வைத்துக்கொண்டே பாஸ் பண்ணி வந்தவர்கள். ஹைட்ராலிக்ஸ் லேபில் தண்ணீர் குழாய்க்குள் என்ன செய்தது என்று நம்மில் யாரும் பார்த்ததில்லை. மானோமீட்டரில் பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தோம், ஸ்டாப் வாட்ச்சைத் தட்டினோம், ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். விடையிலிருந்து ரீடிங்குக்குப் பின்னோக்கி நடந்த மகானுபாவர்களும் நம்மிடையே உண்டு. பெயர் வேண்டாம், இன்று அவர்களில் சிலர் பெரிய பதவியில் இருக்கிறார்கள்!

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு. அந்தக் கேள்வியும் இந்த வேண்டுகோளும் ஒன்றாகச் சேர்ந்தபோது என் நினைவுக்கு வந்தவர் ஒருவர்தான். பிராண்டல் நம்பர் என்று ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பிராண்டல். பிட்டாட் குழாயோடு ஒட்டிக்கொண்டு வருவாரே, அதே ஆள்தான்.

லுட்விக் பிராண்டல் 1875 பிப்ரவரி 4-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஃப்ரைசிங் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர், பக்கத்திலிருந்த வைஹென்ஸ்டெஃபான் வேளாண் கல்லூரியில் பேராசிரியர். தாய் நீண்ட நாள் நோயாளி. கூடப் பிறந்தவர்கள் தங்கவில்லை. ஆகவே பையன் அப்பாவின் நிழலிலேயே வளர்ந்தான். அப்பாவின் புத்தகங்கள், கருவிகள், இயந்திரங்கள் இவைதான் விளையாட்டுச் சாமான்கள். எதையும் பார், பார்த்ததை யோசி என்று பழக்கியவர் அந்தத் தந்தைதான். அவர் 1896-லும், தாய் 1898-லும் காலமானார்கள். இருபத்து மூன்று வயதில் பிராண்டலுக்கு வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆகஸ்ட் ஃபோப்பல் என்ற புகழ்பெற்ற மெக்கானிக்ஸ் பேராசிரியரிடம் படித்தார். 1900-இல் டாக்டர் பட்டம். அதன் பொருள் என்ன தெரியுமா? பாய்மமே இல்லை! ஒல்லியாக உயரமாக இருக்கும் உத்தரம் பாரத்தில் பக்கவாட்டில் மடங்கிச் சாய்வது பற்றியது. நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சமாச்சாரம். தண்ணீருக்கும் காற்றுக்கும் அவரை இழுத்து வந்தது ஒரு தொழிற்சாலை வேலை.

பட்டம் வாங்கியதும் நியூரம்பெர்க்கில் எம்.ஏ.என். இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்தார். மரப்பட்டறையில் இழைப்புச் சுருளையும் தூளையும் உறிஞ்சி எடுக்கும் குழாய் அமைப்பைச் சரிசெய் என்று கொடுத்தார்கள். புது இன்ஜினியருக்கு எப்போதும் கிடைக்கிற வேலைதான், குப்பை அள்ளுவது! பிராண்டல் அதையே சிரத்தையாகச் செய்தார். அமைப்பை மாற்றிப் போட்டு, மின்சக்திச் செலவை வெகுவாகக் குறைத்தார். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. குழாய் படிப்படியாக அகலமாகிக்கொண்டே போனால் காற்றின் வேகம் குறைய வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும். பெர்னூலி சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது, நாமும் அப்படித்தான் எழுதினோம். நிஜத்தில் அழுத்தம் ஏறவில்லை. காற்று குழாய்ச் சுவரை விட்டுப் பிரிந்து, நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அமைப்பு வேலை செய்துவிட்டது, கம்பெனிக்குத் திருப்தி. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ஏன் சுவரை விட்டுப் பிரிகிறது என்ற கேள்வி மட்டும் பிராண்டலை விடவில்லை.

1901-இல், 26 வயதில், ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்ஸ் பேராசிரியராக அழைக்கப்பட்டார். கேள்வியைக் கையோடு கொண்டு போனார். இங்கேதான் நம் கதையின் முக்கியமான சாமான் வருகிறது.

ஒரு தண்ணீர்த் தொட்டி. நீளவாக்கில் நடுவே ஒரு தட்டு, தொட்டியை மேல் கீழாகப் பிரிக்கிறது. ஒரு முனையில் துடுப்புச் சக்கரம். அதைக் கையால் சுற்ற வேண்டும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. சக்கரத்தைச் சுற்றினால் தண்ணீர் மேலே ஒரு பக்கமாக ஓடி, கீழே திரும்பி வந்து, மறுபடி மேலே ஏறும். ஓட்டத்தின் நடுவே உருளையோ, தகடோ, வளைந்த சுவரோ எதை வேண்டுமானாலும் வைக்கலாம். தண்ணீரில் மைக்கா போல மினுமினுக்கும் ஒரு கனிமத்தின் நுண்ணிய செதில்களைக் கலந்தார். செதில்கள் ஓட்டத்தோடு ஓடும். வெளிச்சத்தில் பளிச்சிடும். கேமராவின் மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு கோடாகப் படத்தில் விழும். கோடு நீளமாக இருந்தால் அங்கே வேகம் அதிகம். குட்டையாக இருந்தால் வேகம் குறைவு. சுழி இருந்தால் கோடுகள் சுருண்டு தெரியும். அவ்வளவுதான் கருவி! நம் ஊர் லேத் பட்டறையில் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

இந்தத் தொட்டியில் பார்த்ததை வைத்து அவர் சொன்ன விஷயம்தான் நாம் படித்த பவுண்டரி லேயர், தமிழில் எல்லைப் படலம். அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு ஒரு விபரீதமான விடைக்கு வந்திருந்தார். உராய்வே இல்லாத பாய்மத்தில் ஒரு பொருள் சீராக நகர்ந்தால் அதற்கு எதிர்ப்பு விசையே இருக்காது என்பது அந்த விடை. தண்ணீருக்கும் காற்றுக்கும் பாகுநிலை மிகமிகக் குறைவு, ஆகவே எதிர்ப்பும் கிட்டத்தட்ட இல்லாமல்தானே இருக்க வேண்டும்? துடுப்புப் போடுகிற எந்தப் படகோட்டியையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், கால்வாயும் குழாயும் கட்டுகிறவர்கள் மறு பக்கம் என்று நூற்றைம்பது வருஷம் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிராண்டல் சொன்னது இதுதான். உராய்வு எவ்வளவு குறைவாக இருந்தாலும், சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாய்மம் நகராது. சுவரில் வேகம் பூஜ்யம். சற்றுத் தள்ளினால் முழு வேகம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம். உராய்வின் விளையாட்டெல்லாம் அந்தப் படலத்துக்குள்தான். வெளியே பழைய உராய்வில்லாக் கணக்கே போதும். எவ்வளவு மெல்லியது என்கிறீர்களா? மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலான காற்றில் ஒரு வழுவழுப்பான தகட்டை வைத்தால், முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வீட்டுக் கூரையில் சுற்றுகிற ஃபேன் இறக்கையில் தூசி படிகிறதே, யோசித்திருக்கிறீர்களா? அத்தனை வேகத்தில் சுற்றினாலும் அந்தத் தூசி பறந்து போவதில்லை. இறக்கையை ஒட்டி இருக்கும் காற்று இறக்கையோடேயே சுற்றுகிறது, தூசி அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

சரி, ஓட்டம் ஏன் சுவரை விட்டுப் பிரிகிறது? படலத்துக்குள் இருக்கும் பாய்மம் உராய்வில் வேகம் இழந்து களைத்துப் போயிருக்கிறது. எதிரே அழுத்தம் கூடிக்கொண்டே போனால், வெளியே வேகமாக ஓடுகிற பாய்மம் சமாளித்துவிடும், உள்ளே இருக்கும் சோனிப் பாய்மத்தால் முடியாது. நின்று, திரும்பி, ஓட்டத்தையே சுவரிலிருந்து தள்ளிவிடும். நியூரம்பெர்க் குழாயில் நடந்தது அதுதான். தொட்டியில் உருளைக்குப் பின்னால் சுழிகள் சுருண்டு எழுந்ததும் அதனால்தான். அவர் இன்னொரு வேலையும் செய்தார். உருளையின் ஒரு பக்கத்தில் சிறு பிளவு வெட்டி, அந்தக் களைத்த படலத்தை உள்ளே உறிஞ்சினார். அந்தப் பக்கம் மட்டும் ஓட்டம் பிரியாமல் உருளையை ஒட்டியே போயிற்று. படம் பிடித்துக் காட்டிவிட்டார்!

1904 ஆகஸ்டில் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த மூன்றாவது அனைத்துலகக் கணித மாநாட்டில் இதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த நேரம் பத்து நிமிஷம். அச்சில் வந்தபோது எட்டுப் பக்கம். தொட்டியில் எடுத்த படங்களும் அதில் இருந்தன. கேட்ட கணிதக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு சின்ன விஷயமாகவே பட்டிருக்க வேண்டும். பிறகு பல வருஷங்களுக்கு ஜெர்மனிக்கு வெளியே அதை எடுத்தாண்டவர் மிகக் குறைவு.

ஒருவருக்கு மட்டும் அதன் அருமை உடனே தெரிந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் கிளைன். கணிதத்தில் மேதை, ஆனால் பட்டறையை மதித்தவர். நம் சங்கத்தினர் இவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1898-லேயே தொழிலதிபர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, பயன்முறை இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் கருவி வாங்கவும் ஆய்வகம் கட்டவும் அவர்களிடம் பணம் வாங்கியவர். பேராசிரியர் தொழிலதிபர் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று அந்தக் காலத்திலும் முகம் சுளித்தவர்கள் உண்டு. கிளைன் கவலைப்படவில்லை. 1904 இலையுதிர் காலத்தில் பிராண்டல் கோட்டிங்கனுக்கு வந்தார். ஹானோவரில் முழுப் பேராசிரியராக இருந்தவர், இங்கே ஒரு படி கீழான பதவியை ஏற்றுக்கொண்டுதான் வந்தார். கருவியும் மாணவர்களும் இங்கே கிடைப்பார்கள் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. 1907-இல் முழுப் பேராசிரியர் ஆனார்.

ஆகாயக் கப்பல் ஆர்வலர்களின் நிதியில் 1908-இல் அங்கே காற்றுச் சுரங்கம் எழுந்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வாய், வினாடிக்குப் பத்து மீட்டர் அளவில் காற்று. ஒரு முறை போன காற்றே சுற்றி மறுபடி வரும்படி மூடிய சுற்றாக அமைத்தார். பிற்காலத்தில் உலகமெங்கும் அந்த அமைப்பையே பின்பற்றினார்கள்.

குடும்ப வாழ்க்கையைப் பற்றிக் கர்மான் சொல்லி வைத்த ஒரு கதை உண்டு. பிராண்டல் தன் பழைய குரு ஃபோப்பலின் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனார். வீட்டில் இரண்டு பெண்கள். எந்தப் பெண் என்று சொல்ல மறந்துவிட்டார்! வீட்டார் கூடிப் பேசி, மூத்தவளைக் கொடுப்பதே முறை என்று தீர்மானித்தார்களாம். கதை எந்த அளவுக்கு நிஜமோ, 1909-இல் மூத்த மகள் கெர்ட்ரூடைக் கைப்பிடித்தார் என்பது நிஜம். இரண்டு பெண் குழந்தைகள். நன்றாகப் பியானோ வாசிப்பார். வகுப்பில் மட்டும் அவ்வளவு சுவாரஸ்யமான ஆள் இல்லை. ஒரு வாக்கியம் சொன்னால் அது முழுக்கச் சரியாக இருக்க வேண்டுமே என்று அதற்கு நிபந்தனை மேல் நிபந்தனை சேர்த்துக்கொண்டே போவார் என்பார்கள். நம் காலத்திலும் அப்படி ஒரு சார் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா?

மாணவர்கள் கதைக்கு வருவோம். டாக்டர் பட்டத்துக்கு அவரிடம் வந்தவர்கள் 80-க்கு மேல். அவர்களில் ஹீமென்ஸ் என்ற பையனுக்குக் கொடுத்த வேலை, தண்ணீர்த் தொட்டியில் உருளையை வைத்து அதன் மேல் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது, ஓட்டம் எங்கே பிரிகிறது என்று அளப்பது. பாவம், அவனுக்கு ஓட்டம் நிலையாகவே நிற்கவில்லை. உருளைக்குப் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இருக்காது என்றார் பிராண்டல். மறுபடி கடைந்து திருத்தினான். ஆடியது. தொட்டியின் இரு பக்கமும் சமமாக இருக்காது என்றார். அதையும் சரிசெய்தான். அப்போதும் ஆடியது. அங்கே அப்போது இளம் ஆசிரியராக இருந்த தியோடர் வான் கர்மான் தினமும் காலையில் வந்து, இன்றைக்காவது நின்றதா என்று விசாரிப்பார், ஹீமென்ஸ் சோகமாகத் தலையை ஆட்டுவான். ஒரு நாள் கர்மானுக்கு உறைத்தது. விடாமல் ஆடுகிறது என்றால் அது கருவியின் கோளாறாக இருக்க முடியாது, இயற்கையே அப்படி. சுழிகள் எதிரெதிராக நேர் வரிசையில் நின்றால் நிலைக்காது, மாற்றி மாற்றி நின்றால்தான் நிலைக்கும் என்று கணக்குப் போட்டு எழுதினார், 1911-இல். அதுதான் கர்மான் வொர்ட்டெக்ஸ் ஸ்ட்ரீட். ஒரு வருங்கால டாக்டர் கஷ்டப்பட்டுத் துடைத்தெறியப் பார்த்த ஆட்டம், இன்று புகைபோக்கி கட்டுகிற ஒவ்வொரு இன்ஜினியரும் பார்த்தாக வேண்டிய கணக்கு.

அடுத்து ஒரு சண்டை. பாரிஸில் கோபுரம் கட்டிய அதே ஐஃபல், வயதான காலத்தில் காற்றுச் சுரங்கம் கட்டி ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். உருண்டைப் பந்துக்குக் காற்றின் எதிர்ப்பை அளந்தால் அவருக்கு வந்த எண், கோட்டிங்கனில் வந்ததில் பாதிகூட இல்லை. ஐஃபல் கணக்கில் இரண்டால் பெருக்க மறந்திருப்பார் என்று கோட்டிங்கன்காரர்கள் நினைத்தார்கள். கிழவருக்கு வந்ததே கோபம்! வெவ்வேறு வேகத்தில் அளந்து காட்டினார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் எதிர்ப்பு எண் சடாரென்று விழுகிறது. இரண்டு தரப்புமே சரி! ஏன் என்பதைப் பிராண்டல் 1914-இல் விளக்கினார். வேகம் கூடும்போது படலத்துக்குள் ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்குகிறது. கொந்தளிப்பு வெளியிலிருந்து வேகத்தை உள்ளே கொண்டு வந்து, களைத்துப்போன பாய்மத்துக்குத் தெம்பு கொடுக்கிறது. அதனால் ஓட்டம் பந்தை விட்டுப் பிரிவது தள்ளிப்போகிறது, பின்னால் உள்ள சுழிப் பகுதி சுருங்குகிறது, எதிர்ப்பு குறைகிறது. நிரூபிக்க ஒரு மெல்லிய கம்பி வளையத்தைப் பந்தின் முன்பக்கம் மாட்டினார். குறைந்த வேகத்திலேயே படலம் கொந்தளித்தது, எதிர்ப்பு விழுந்தது. வழுவழுப்பைக் கெடுத்தால் எதிர்ப்பு குறைகிறது என்றால் யார் நம்புவார்கள்? புகையை விட்டுக் காட்டினார், நம்பினார்கள். கிரிக்கெட் பந்தின் தையல் செய்கிற வேலையும் இதுதான் தம்பிகளே. தையலைச் சாய்த்துப் பிடித்துப் போட்டால் ஒரு பக்கம் படலம் கொந்தளித்து ஒட்டிக்கொள்ளும், மறு பக்கம் சீக்கிரம் பிரியும், பந்து திரும்பும். நம் மைதானத்தில் புதுப் பந்தோடு ஓடி வருகிற பையன் ஒவ்வொருவனும் தெரியாமலே பிராண்டலின் சோதனையைத்தான் செய்கிறான்.

முதல் உலகப் போர்க்காலத்தில் விமான இறக்கைக் கோட்பாடு, 1925-இல் கொந்தளிப்புக்கான மிக்ஸிங் லெங்த், அதே ஆண்டில் அவருக்கென்றே தனியாக ஒரு பாய்ம ஆராய்ச்சி நிலையம். மியூனிக்கில் குருவின் நாற்காலி அழைத்தும் போகாமல் கோட்டிங்கனிலேயே இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது. நாம் புரட்டிய பவுண்டரி லேயர் புத்தகத்தின் ஆசிரியர் ஷ்லிக்டிங் அவர் மாணவர். 1929-இல் அங்கே சேர்ந்த இர்ம்கார்ட் லோட்ஸ் என்ற பெண், இறக்கைக் கணக்கைச் சுலபமாகத் தீர்க்கும் வழியைக் கண்டு சொன்னார். திருமணத்துக்குப் பின் ஃப்ளூகே-லோட்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பொறியியலின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனவர் அவர்தான். நம் நாட்டு விஷ்ணு மாதவ் கட்கேயும் பிராண்டலிடம் படித்து 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். பெங்களூரில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தவர் அவர். 1951-இல் அது பறந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு 1933-க்குப் பிந்தைய பகுதியை விட்டுவிட்டால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. விழா மலரில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கோட்டிங்கனிலிருந்து மாக்ஸ் போர்ன், கூரண்ட், எமி நோதர் போன்ற மேதைகள் யூதர்கள் என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள். பிராண்டல் கட்சியில் சேரவில்லை. ஹைசன்பெர்கைக் கட்சிக்காரர்கள் தாக்கியபோது, 1938-இல் ஹிம்லருக்கே கடிதம் எழுதி அவருக்காகப் பரிந்து பேசினார். ஆனால் விமான அமைச்சகத்தின் பணம் வெள்ளமாக வந்தபோது வாங்கிக்கொண்டார், கருவிகள் பெருகின. போரின்போது அந்த அமைச்சகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவராக இருந்தார். அதே 1938-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லரின் மனைவிக்கு ஹிட்லரின் ஆட்சியை நியாயப்படுத்திக் கடிதம் எழுதினார்.  ஒரு மில்லிமீட்டர் படலத்துக்குள் நடப்பதைப் பார்த்த கண், தெருவில் நடந்ததைப் பார்க்கவில்லை. கருவிக்குப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்காதவர் என்ற பழி அவர் மேல் உண்டு. அது நியாயமான பழி என்பதே என் எண்ணம். 1945-இல் அமெரிக்கக் குழுவோடு வந்து அவரை விசாரித்தவர்களில், யூதரான பழைய சகா கர்மானும் இருந்தார். கோட்டிங்கனின் பெரிய காற்றுச் சுரங்கங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. பிராண்டல் 1953 ஆகஸ்ட் 15 அன்று அதே ஊரில் காலமானார். வயது 78. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இனி நாம் வாங்கப்போகும் கருவி. அதற்குப் பெயர் பி.ஐ.வி., துகள் பட வேகமானி என்று சொல்லலாம். பெயர்தான் பெரிசு, 1980-களில் வந்த பெயர். உள்ளே பார்த்தால் ஹானோவர் தொட்டிதான். செதில்களுக்குப் பதிலாக மாவு போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள். வெறும் வெளிச்சத்துக்குப் பதிலாக, தகடு போல விரித்த ஒரு மில்லிமீட்டர் கனத்துப் பச்சை லேசர் ஒளி. அந்தத் தகட்டுக்குள் இருக்கும் மணிகள் மட்டும் மின்னும். அடுத்தடுத்து இரண்டு படம் எடுக்க வேண்டும். முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே மணிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கம்ப்யூட்டர் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லும். நாலு மில்லி செகண்டில் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்தால் வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். பிராண்டலின் படத்தில் ஒரு கோடு, இங்கே இரண்டு புள்ளி. வித்தியாசம் அவ்வளவே. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் வேகம் கிடைக்கும் என்பதுதான் லாபம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பது போன்ற இரட்டைத் துடிப்பு லேசரும் அதிவேகக் கேமராவும் நமக்கு இப்போது வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். மெதுவாக ஓடும் தண்ணீருக்குத் தொடர்ந்து எரிகிற சிறிய லேசர் போதும். விரித்துவிட ஒரு கண்ணாடிக் கம்பி. செல்போனின் வேகப் படப்பிடிப்பே சில சோதனைகளுக்குத் தாங்கும். கணக்குப் போடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தொட்டியைப் பிள்ளைகளே செய்யட்டும், உருளை கடைகிற கஷ்டம் ஹீமென்ஸ் பட்டதுதானே. செலவில் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. லேசருக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய அறை, பொறுப்பான ஒருவர். பச்சை லேசர் கண்ணில் பட்டால் போன பார்வை திரும்பாது. அதை முதல் பட்டியலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுவோம்.

கடைசியாக ஒரு தகவல். பிராண்டலின் நிலையத்தில் 1930-ஆம் ஆண்டுவாக்கில், அதே மாதிரித் தொட்டியில் ஓட்டங்களைச் சினிமாப் படச்சுருளிலும் எடுத்து வைத்திருந்தார்கள். இறக்கை நகரத் தொடங்கும்போது பின்னால் சுழி பிறப்பது, உருளைக்குப் பின்னால் ஓட்டம் பிரிவது எல்லாம் அதில் இருக்கின்றன. 2010-இல் ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தின் வில்லர்ட்டும் கோம்பன்ஹான்ஸும் அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய பி.ஐ.வி. கணக்கை அதன் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். லேசரே பிறக்காத காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வேகமும் சுழியும் எண்ணாகவே வந்து விழுந்தன.